நெஞ்சுக்குள் ஒரு காவல்: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

இடது காரை எலும்புக்குக் கீழே தடவினால் என் டிஃபிப்ரிலேட்டர் கருவியின் விளிம்பு விரலில் தட்டுப்படும். மாரடைப்புக்குப் பின் என் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிறைந்த ரத்தத்தில் 25 சதவீதத்தைத்தான் வெளியேற்றியது. அதனால், துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் இந்தக் கருவியைப் பொருத்தினார்கள். சம்மதிக்கத் தயங்கியபோது மருத்துவர் 2002-இல் வெளியான மேடிட்-2 ஆய்வை விளக்கினார். என்னைப் போன்ற 1,232 பேரிடம் நடந்த ஆய்வு அது. கருவி பொருத்தியவர்களிடம் மரண அபாயம் 31 சதவீதம் குறைந்திருந்தது. அன்றே கையெழுத்திட்டேன்.

ஒரே ஒருமுறை அதிர்ச்சி கொடுத்தது. மாடிப்படியில் கண் இருட்டியது. அடுத்த நொடி மார்பில் குதிரை உதைத்தது போல ஓர் அடி. விழுந்தேன், ஆனால் எழுந்தேன். கருவிக்கு முழு மதிப்பெண் கொடுக்க எனக்கு அது போதும்.

குறை, படுக்கையருகே வைக்கும் கண்காணிப்புப் பெட்டியில்தான். நான் உறங்கும்போது கருவியின் பதிவுகளை மருத்துவமனைக்கு அனுப்புகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே யாராவது பார்த்தார்களா என்று எனக்கு ஒரு வரிகூட வருவதில்லை. அதிர்ச்சி வந்த அன்று நானாகத்தான் அழைத்தேன். ‘இது அவசர உதவிச் சேவை அல்ல’ என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடலாமா? முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய வாக்கியம் அது!

கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும். தோளில் மாட்டும் பையையும் நான் வலது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். பேட்டரிக்கு இன்னும் ஆறு ஆண்டு ஆயுள் காட்டுகிறது.