அலைன்மென்ட் திரை பச்சை காட்டியது, ரெண்டு டயர் காசு போச்சு

காரின் முன் டயர் ரெண்டும் புதுசு. போட்டு 5,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, உள்பக்க விளிம்பில் இன்று கம்பி தெரிகிறது! வெளியே நின்று பார்த்தால் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) அப்படியே இருக்கும், அதனால் கண்ணில் படவே இல்லை. ரெண்டு டயர் காசு மொத்தமும் வீண்.

டயர் மாற்றிய அன்றே அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் வேலையை, செய்தது ஒரு டயர் கடை. திரையில் எல்லா எண்ணும் பச்சை. "பாருங்க சார், பக்கா" என்றார்கள். அந்தப் பச்சையை நம்பியதுதான் தப்பு. செய்வதற்கு முன்னால் இருந்த அளவு எது என்று கேட்டிருக்க வேண்டும், தாளும் தரவில்லை.

இப்போது வண்டியைத் தூக்கிப் பார்த்தால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையைப் பிடித்திருக்கும் ரப்பர்) ரெண்டு பக்கமும் கிழிந்திருக்கிறது. நின்ற இடத்தில் அளந்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரியாகத்தான் காட்டும். பிரேக் மிதித்ததும் ஆர்ம் பின்னால் நகர்கிறது, சக்கரம் வெளிப்பக்கம் திரும்பி ரோட்டில் அரைபடுகிறது. ரெண்டு பக்கமும் ஒரே அளவு போனதால் வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் இல்லை. புஷ் பார்க்காமல் அலைன்மென்ட் செய்வது வேலையே இல்லை. அதையும் செய்தார்களா என்பதே சந்தேகம்: சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் லாக் நட்டில் பழைய துரு அப்படியே இருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. அதைத் தளர்த்தாமல் டோ எப்படி மாறும்?

திரும்பப் போனால் முதலில் "காத்து கம்மியா வச்சு ஓட்டியிருப்பீங்க". காற்று குறைந்தால் ரெண்டு விளிம்பும் தேயும், கூடினால் நடு தேயும். உள்விளிம்பு மட்டும் எப்படித் தேயும்? அடுத்து "ரோடு சரியில்ல". கடைசியில் "டயர் கம்பெனிகிட்ட கேளுங்க". முதலாளி வருவார் என்று உட்கார வைத்தார்கள், வரவில்லை. ரெண்டு டயர் காசுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

அவசரமாக இதை மட்டும் சொல்கிறேன். பட்டன் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரி என்றால் டோ கோளாறு. ரம்பம் இல்லாமல் ஒரு விளிம்பு சீராகச் சரிந்திருந்தால் கேம்பர், அதாவது சக்கரம் நேராக நிற்காமல் சாய்ந்திருக்கும் கோளாறு. அங்கங்கே குழி என்றால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பாருங்கள். தூக்கிய சக்கரத்தை இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட், மேல் கீழாக ஆட்டினால் பால் ஜாயின்ட், பேரிங் ஆட்டம் தெரியும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு இரண்டும் உள்ள தாள் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள். டயரை முன்பின் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள், நல்ல ரெண்டும் சேர்ந்து போகும். ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி உள்விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள், இன்றைக்கே.