ஃப்ரீசர் ஃபேன் மாற்றிய பிறகு என் ஃப்ரிட்ஜைப் பற்றி

என்னிடம் உள்ள அதே மாடல் ஃப்ரிட்ஜை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஃப்ரீசர் ஃபேனை மாற்றிய கையோடு எழுதுகிறேன், கோபமும் கொஞ்சம் கலந்துதான் இருக்கும். இரட்டைக் கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ. மற்ற விவரங்கள் அவருக்கே தெரியும்.

குளிர்ச்சியில் குறை சொல்ல மாட்டேன். கதவு ரப்பர் இன்றைக்கும் இறுக்கமாகப் பிடிக்கிறது. கம்ப்ரஸர் ஓடுவதே காதில் விழாது. இத்தனை வருஷத்தில் காய்கறி வாடியதாக வீட்டில் யாரும் சொன்னதில்லை.

என் எரிச்சல் எல்லாம் அந்த ஃபேன் மேல்தான். முதலில் கீச் கீச் என்று ஒரு சத்தம். என்னவென்று பார்க்கக் கதவைத் திறந்தால் நின்றுவிடும். குளிர்காற்று வெளியே போகாமல் இருக்க, ஃப்ரீசர் கதவு திறந்ததும் ஃபேனை நிறுத்த ஒரு ஸ்விட்ச் உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வந்த மெக்கானிக் கதவைத் திறந்து பார்த்து, "ஒண்ணும் இல்லையே சார்" என்று சொல்லிப் போய்விட்டார். கதவு திறந்திருக்கும்போதே அந்த ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஃபேன் ஓடும், சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம் சத்தம் அடங்கியது, பால் திரிய ஆரம்பித்தது. மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே குளிர் இல்லை. இன்னொரு மெக்கானிக் வந்து, தொட்டுக்கூடப் பார்க்காமல், "கேஸ் போயிருக்கும்" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது அப்போதுதான். இந்த மாதிரி ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் கூலிங் காயில் ஃப்ரீசருக்குப் பின்னால் மட்டும்தான் இருக்கும். அங்கிருந்து குளிர்காற்றைக் கீழே தள்ளுவது ஃபேன். அது நின்றால் கீழ்ப்பகுதிக்குக் குளிர் போக வழியில்லை. ஃப்ரீசருக்குள் இருக்கும் பின் தட்டைக் கழற்றிக் காயிலைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். கேஸ் குறைந்திருந்தால் பொதுவாகக் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி பிடிக்கும். காயிலையே மூடும் அளவுக்குக் கட்டியாக உறைந்திருந்தால் அந்தப் பனியை அவ்வப்போது கரைக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் பக்கம் சந்தேகப்பட வேண்டும். என்னுடையதில் முழுக்க ஒரே சீரான மெல்லிய பனி. கனெக்டரில் 12 வோல்ட் வருகிறது, ஃபேன் அசையவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு விரலால் சுற்றிப் பார்த்தால் தண்டு இறுகிக்கிடந்தது. சரி, மோட்டார்தான்.

கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே குளிர் முழுக்க விடும்வரை காத்திருங்கள். உறைந்த பிளாஸ்டிக் கிளிப் பட்டென்று உடையும். ஐஸைக் கத்தியால் குத்தவே கூடாது. காயில் குழாய் ஓட்டையானால் ஃப்ரிட்ஜே வீண், அதிலும் உள்ளே ஓடும் ஆர்600ஏ என்ற கூலிங் கேஸ் தீப்பிடிக்கும் வாயு.

உள்ளங்கைக்குள் அடங்கும் மோட்டார் அது. கம்பெனியிடம் கேட்டால் தனியாகத் தர மாட்டார்களாம், தட்டோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டுமாம். ஒரு மோட்டாருக்காக நல்ல தட்டை ஏன் தூக்கிப் போட வேண்டும்? வெளியில் தேடி வாங்கினேன். வோல்டேஜ் மட்டும் பொருந்தினால் போதாது. சுற்றும் திசை, கனெக்டர், வயர்களின் வரிசை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். சில மோட்டாரில் வேகத்தை ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டுக்குச் சொல்ல ஒரு வயர் தனியாக இருக்கும், அது இல்லாததை மாட்டினால் ஃபேன் பழுது என்றே போர்டு காட்டும். பழைய இறக்கையை முன்பிருந்த ஆழத்துக்கே தண்டில் ஏற்ற வேண்டும். அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களையும் விட்டுவிடாதீர்கள்.

மாற்றிய மறுநாள் கீழே 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18. சத்தம் துளியும் இல்லை. இதைவிட நன்றாகக் குளிர்விக்கும் ஃப்ரிட்ஜை நான் பயன்படுத்தியதில்லை.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம். தேயக்கூடிய பாகம் என்று தெரிந்தே அதைத் தனியாக விற்க மறுப்பவர்களுக்கு இன்னொரு வீட்டுப் பணமும் போவதில் எனக்கு இன்றைக்குச் சம்மதமில்லை. அந்த மோட்டாரைத் தனியாகக் கொடுக்க ஆரம்பித்தால் சொல்லுங்கள், அடுத்த தடவை நானே இதைத்தான் வாங்குவேன்.