சுவரா, மேசையா, கோப்பா, வழிப்போக்கரா? மாணவர் சுவரொட்டியைத் திருத்த நான்கு வழிகள்

காட்சித் தொடர்பியல் துறைகளில் சுவரொட்டிப் பயிற்சி தொடங்கியதும் ஆசிரியர்கள் தவறாமல் சொல்வது: "நாலு பேரிடம் காட்டிக் கருத்துக் கேட்டுத் திருத்துங்கள்." அந்த நாலு பேர் யார், எந்தக் கட்டத்தில் காட்டுவது, என்ன கேட்பது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. மாணவர் நண்பரிடம் காட்டுகிறார், நண்பர் "நன்றாக இருக்கிறது" என்கிறார், வேலை அங்கேயே நின்றுவிடுகிறது.

இன்று புழக்கத்தில் உள்ள வழிகள் நான்கு. வகுப்புச் சுவரில் எல்லாவற்றையும் மாட்டி எல்லோரும் பேசுவது. ஆசிரியரின் மேசையருகே உட்கார்ந்து தனியாகக் கேட்பது. ஃபிக்மா போன்ற மென்பொருளில் கோப்பைப் பகிர்ந்து குறிப்புகள் வாங்குவது. வடிவமைப்பு பற்றி எதுவும் அறியாத வழிப்போக்கரிடம் காட்டுவது. இவற்றுள் ஒன்றைச் செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொரு வழியும் ஒரு வகைப் பிழையைப் பிடித்து, வேறொரு வகையைக் கோட்டை விடுகிறது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் வழிப்போக்கரைத் தேர்ந்தெடுப்பேன். ஏன் என்பதற்கு நான்கையும் ஒரே சுவரொட்டியின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

கல்லூரி வளாகத்தில் நடக்கும் முகாமுக்கான சுவரொட்டி என்று வைத்துக்கொள்வோம். அளவு ஏ3, அதாவது 297 மி.மீ. அகலம், 420 மி.மீ. உயரம். தலைப்பு "குருதிக்கொடை முகாம்". நடுவில் ஒரு பெரிய சிவப்புத் துளி. கீழே தேதி, இடம், தொலைபேசி எண்.

முதலில் சுவர். இதற்குப் பழைய மரபு உண்டு. ஜெர்மனியின் தேசாவ் நகரில் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளி நடந்த நாட்களில் அங்கே ஆசிரியராக இருந்த யோசெஃப் ஆல்பெர்ஸ் மாணவர் வேலைகளைத் தரையில் பரப்பிவைத்து, எல்லோரையும் சுற்றி அமரவைத்துப் பேசினார். புகைப்படக் கலைஞர் உம்போ எடுத்த படங்களில் அதை இன்றும் பார்க்கலாம். 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் உட்பட நம் நாட்டு வடிவமைப்புப் பள்ளிகளில் 'ஜூரி' என்ற பெயரில் நடக்கும் மதிப்பீட்டு அமர்வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சுவரால் மட்டும் செய்ய முடிந்த வேலை ஒன்று உண்டு. நாற்பது சுவரொட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது, அவற்றுள் முப்பதில் சிவப்புத் துளி இருப்பது பேசாமலேயே தெரிந்துவிடும். தனியாக மடிக்கணினியில் பார்த்தபோது சொந்தக் கற்பனையாகத் தோன்றியது, மாட்டியவுடன் எல்லோருக்கும் முதலில் தோன்றியதுதான் என்று புரிகிறது. எந்த ஆசிரியரும் இதை இவ்வளவு வலியில்லாமல் சொல்லிக்கொடுக்க முடியாது.

சுவரின் பலவீனம் பேச்சில் இருக்கிறது. முதலில் வாய் திறப்பவரின் கருத்தே அன்றைய கருத்தாகிவிடுகிறது. ஆசிரியர் முதலில் பேசிவிட்டால் பிறகு யாரும் மாற்றிச் சொல்வதில்லை. சீனியர் மாணவர் பேசிவிட்டால் ஜூனியர்கள் தலையாட்டுகிறார்கள். நண்பர்களின் வேலையைக் குறை சொல்வதை நம் பிள்ளைகள் உறவை முறிப்பதாகவே எண்ணுகிறார்கள். நேரமும் இடிக்கிறது. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் நாற்பது பேருக்கு இருநூறு நிமிடம். கடைசிப் பத்துப் பேரின் வேலையைக் களைத்த கண்கள்தான் பார்க்கின்றன.

இதற்கு மருந்து உண்டு. அமெரிக்க நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990களில் பரவலாக்கிய முறையில் பேச்சுக்கு நான்கு படிகள். பார்த்தவர்கள் தங்கள் மனத்தில் பட்டதை முதலில் சொல்ல வேண்டும். பிறகு படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள், தீர்ப்பு ஒளிந்திராத கேள்விகளைக் கேட்க வேண்டும். கடைசியில்தான் கருத்து, அதுவும் படைத்தவரின் அனுமதியோடு. "இந்தச் சிவப்பு ஏன் இவ்வளவு கண்ணைக் குத்துகிறது?" என்பது மூன்றாம் படியில் செல்லாது. "சிவப்பைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன நினைத்தீர்கள்?" என்பது செல்லும். நடனத்துக்காகப் பிறந்த முறை சுவரொட்டிக்கும் நன்றாகவே பொருந்துகிறது. இதற்குக்கூட நேரமில்லை என்றால், பேசத் தொடங்கும் முன் எல்லோரும் ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட வேண்டும், ஆசிரியர் கடைசியில்தான் பேச வேண்டும் என்ற இரண்டு விதிகளாவது வேண்டும்.

மேசைக்கு வருவோம். கைத்திறன் கைமாறுவது இங்கேதான். ஆசிரியர் அச்சுத்தாளின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, தலைப்பை மேலே ஏற்றி, துளியைச் சிறிதாக்கி, தேதியைத் தடித்த எழுத்தில் வரைந்து காட்டுவார். தமிழ் எழுத்துக்கே உரிய நுணுக்கங்கள் இங்கேதான் அகப்படுகின்றன. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல்வரியில் உள்ள 'ரு' கீழே இறங்கி, கீழ்வரியில் உள்ள 'ம்' என்பதன் புள்ளியை இடிக்கும். தலைப்பு அகலமாகத் தெரிய வேண்டும் என்று எழுத்திடைவெளியைக் கூட்டினால் 'கொ' பிரிந்து, கொம்பும் ககரமும் காலும் தனித்தனியே நிற்கும். இவற்றை அனுபவமுள்ள கண் ஒரு நொடியில் பிடித்துவிடும். வகுப்புச் சுவரில் இதையெல்லாம் பேச நேரம் கிடைக்காது.

ஆனால் மேசையில் ஓர் அபாயம் இருக்கிறது. வரைந்து காட்டியதையே மாணவர் கணினியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். மூன்று முறை மேசைக்குப் போன சுவரொட்டி ஆசிரியரின் சுவரொட்டியாகிவிடுகிறது. பருவ இறுதியில் கண்காட்சி வைத்தால் நாற்பது மாணவர்களின் வேலையும் ஒரே கை செய்தது போல இருக்கும் துறைகளைப் பார்த்திருக்கிறேன். அதைத் துறையின் தரம் என்று பெருமையாகவும் சொல்கிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. மாணவர் தன் கண்ணை நம்பக் கற்றுக்கொள்ளாமலேயே பட்டம் வாங்கிப் போகிறார். ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால் நாற்பது பேருக்குப் பத்து மணி நேரம் என்பதால், வாய்ப்பும் சமமாகக் கிடைப்பதில்லை. தைரியமாக ஆசிரியரைத் தேடிப் போகிறவருக்கு மூன்று முறை, கூச்சப்படுகிறவருக்கு ஒரு முறை.

கூச்சப்படுகிறவருக்குக் கோப்பு நல்ல துணை. எழுத்தில் சொல்வதால் யோசித்துச் சொல்கிறார்கள், இரவில் அறையிலிருந்தும் சொல்லலாம், சொன்னது அழியாமல் இருக்கும். எழுத்துப்பிழை, தவறான கிழமை, ஓரத்தோடு ஒட்டிக்கொண்ட லோகோ போன்றவற்றைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. இதன் குறை, குறிப்புக்கு ஓர் இடம் வேண்டும் என்பது. ஒரு புள்ளியைச் சுட்டித்தான் குறிப்பு எழுத முடியும். 'முழு யோசனையே தவறு' என்பதை எந்தப் புள்ளியில் குத்துவது? ஆகவே சின்னச் சின்னக் குறிப்புகள் முப்பது விழுகின்றன, பெரிய குறை அப்படியே நிற்கிறது. அளவும் ஏமாற்றுகிறது. சாதாரண 15 அங்குல மடிக்கணினித் திரையின் உயரம் 20 செ.மீ.க்குள்தான், 42 செ.மீ. உயரமுள்ள சுவரொட்டி முழுதாகத் தெரியும்போது பாதிக்கும் குறைவான அளவில் தெரிகிறது. பெரிதாக்கினால் முழுதும் தெரியாது. சுவரொட்டியைச் சுவரொட்டியாக யாருமே பார்ப்பதில்லை. திரையில் தகதகக்கும் சிவப்பு அச்சு மையில் மங்கும் என்பதும் அச்சகத்திலிருந்து கட்டு வந்த பிறகே தெரிகிறது.

இனி வழிப்போக்கர். முறை எளிது. இரண்டு ஏ4 தாள்களில் அச்செடுத்து ஒட்டினால் ஏ3 ஆகிவிடும். அதை உணவகத்துக்குப் போகும் வழியிலோ பேருந்து நிறுத்தத்திலோ கண்மட்டத்தில் ஒட்டிவிட்டு, வேறு துறை மாணவரையோ அலுவலக உதவியாளரையோ பத்தடி தள்ளி நிற்கவைத்து ஐந்து நொடி காட்ட வேண்டும். மறைத்துவிட்டு மூன்றே கேள்விகள்: இது எதைப் பற்றியது? எப்போது, எங்கே? உங்களை என்ன செய்யச் சொல்கிறது? "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால், மனம் நோகக் கூடாது என்று "நன்றாக இருக்கிறது" என்பார்.

நம் சுவரொட்டியைப் பார்த்து ஒருவர் "இரத்தப் பரிசோதனை முகாம்" என்கிறார் என்று கொள்வோம். துளியும் சிவப்பும் அவரை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கின்றன. இன்னொருவருக்கு முகாம் என்று தெரிகிறது, தேதி நினைவில்லை. பெயர்ப்பலகை செய்பவர்களிடையே பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்ற பழைய கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் நம் தேதி தேறவே தேறாது என்பதைத் திரையில் பார்த்த எவரும் சொல்லவில்லை. மூன்றாமவர், தலைப்பைப் படிக்கவே தடுமாறுகிறார். அடோபி மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொடை'யின் கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். தலைப்பை உருவமாகவே பார்த்துப் பழகிவிட்ட வகுப்புத் தோழர்களின் கண்ணுக்கு அது தப்பிவிடலாம். வாசிக்க வந்தவரிடம் தப்பாது.

வழிப்போக்கரால் முடியாததும் உண்டு. ஏன் படிக்க முடியவில்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. அவர் சொல்லும் தீர்வுகளும் பெரும்பாலும் உதவாது. எதைக் கேட்டாலும் "இன்னும் பெரிதாகப் போடுங்கள்" என்பார். எல்லாவற்றையும் பெரிதாகப் போட்டால் எதுவும் பெரிதாக இருக்காது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அறிகுறியை மட்டுமே. காரணம் தேட மேசைக்குப் போக வேண்டும்.

பயிற்சியற்றவரின் கருத்துக்கு மதிப்பு இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வடிவமைப்பு அறியாதவர்களிடம் எதை எதைப் பார்க்க வேண்டும் என்ற அளவுகோல் பட்டியலைக் கொடுத்துக் கருத்து கேட்டார்கள். அவர்கள் எழுதிய கருத்துகளை, வடிவமைத்தவர்கள் ஏறத்தாழ வல்லுநர் கருத்துக்கு நிகராகவே மதித்தார்கள். கேட்கும் முறை சரியாக இருந்தால் கேட்கப்படுபவரின் தகுதி அவ்வளவாகத் தடையில்லை.

யாரிடம் காட்டுவது என்பதைவிட, எத்தனை வடிவங்களைக் காட்டுவது என்பதற்கு நான் கூடுதல் எடை கொடுக்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டோவும் ஸ்காட் கிளெம்மரும் மற்றவர்களும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், 33 பேர் ஓர் இதழுக்கு இணைய விளம்பரம் வடிவமைத்தார்கள். ஒரு பிரிவினர் ஒன்றைச் செய்து, கருத்து கேட்டு, அடுத்ததைச் செய்தார்கள். மறு பிரிவினர் முதலில் மூன்றைச் செய்து மூன்றுக்கும் சேர்த்துக் கருத்து கேட்டார்கள், பிறகு இரண்டைச் செய்து அதேபோல் கேட்டார்கள். நேரமும் வடிவங்களின் எண்ணிக்கையும் கருத்தின் அளவும் இரு பிரிவுக்கும் ஒன்றே. விளம்பரங்களை உண்மையாகவே இணையத்தில் ஓடவிட்டபோது, பலவற்றைச் சேர்த்துச் செய்தவர்களின் விளம்பரங்களை அதிகம் பேர் சொடுக்கினார்கள். வல்லுநர்களும் அவற்றையே உயர்வாக மதிப்பிட்டார்கள். அவர்களின் தன்னம்பிக்கையும் கூடியிருந்தது. ஒவ்வொன்றாகச் செய்தவர்களுக்குக் கருத்து கண்டனமாகப் பட்டது.

இது நம் வகுப்பறைகளுக்கு அப்படியே பொருந்தும். ஒரே சுவரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவருக்கு, அதைப் பற்றிய ஒவ்வொரு சொல்லும் தன்னைப் பற்றிய சொல்லாகப் படுகிறது. துளி ஒன்று, நீட்டிய கை ஒன்று, வெறும் எழுத்தாலானது ஒன்று என்று மூன்றை வைத்தால் பேச்சு அவற்றுக்கு இடையே ஓடும். பார்ப்பவருக்கும் "மூன்றில் இரண்டாவதுதான் உடனே புரிகிறது" என்று சொல்வது எளிது, நட்பு முறியாது.

ஆகவே மூன்று வாரப் பயிற்சியில் நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதல் வாரம் கணினியைத் தொடாமல் கறுப்புப் பேனாவால் மூன்று வடிவங்கள் வரைந்து, ஐந்தாறு வழிப்போக்கர்களிடம் காட்ட வேண்டும். இரண்டாம் வாரம் தேறியதை உண்மையான அளவில் அச்செடுத்துச் சுவரில் மாட்ட வேண்டும், எழுதிவிட்டுப் பேச வேண்டும். அதன் பிறகே மேசை. அங்கே ஆசிரியர் வரைந்து காட்டினால் இரண்டு தீர்வுகளாவது காட்ட வேண்டும், ஒன்றை மாணவர் தேர்ந்தெடுக்கட்டும். கோப்புக் குறிப்புகள் அச்சுக்கு முந்தைய நாளுக்கு. அன்று ஒருவர் தொலைபேசி எண்ணை அழைத்தே பார்த்துவிட வேண்டும்.

மதிப்பெண் போடும்போதும் முடிந்த சுவரொட்டியை மட்டும் பார்க்கக் கூடாது. கிடைத்த கருத்துகளுள் எவற்றை ஏற்றார், எவற்றைத் தள்ளினார், ஏன் என்று ஒரு பக்கம் எழுதிவாங்க வேண்டும். தள்ளியதற்கு நல்ல காரணம் சொல்லும் மாணவருக்கு, அது ஆசிரியரின் கருத்தாகவே இருந்தாலும், முழு மதிப்பெண் கொடுக்கலாம்.