பட்டனில் பச்சை விளக்கு எரிந்தது, ஹாலில் சத்தமே வரவில்லை

தனியாக இருக்கும் பெற்றோருக்காக அவசர பட்டன், குளியலறைக் கைப்பிடி எல்லாம் சேர்த்து 'பாதுகாப்பு பேக்கேஜ்' வாங்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். நான் வாங்கிக் கொடுத்த பேக்கேஜை நம்பி என் அம்மா இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளியலறைத் தரையில் கிடந்தார்.

அம்மாவுக்கு 76 வயது. அப்பா போன பிறகும் தன் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சமையல், மருந்து, கணக்கு எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். குளியலறைதான் எனக்குப் பயம். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள், அதில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம் என்கிற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை விற்க வந்தவரே எடுத்துக் காட்டினார். கணக்கு உண்மைதான். அந்தப் பயத்தில்தான் அன்றைக்கே சரி என்றேன்.

பொருத்த இரண்டு பேர் வந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பட்டனின் சிக்னலை வாங்கி உதவி மையத்துக்குப் போன் போடும் பெட்டியை ஹாலில் வைத்து, அதற்கு ஒரு கை தூரத்தில் நின்று, கழுத்தில் மாட்டும் பட்டனை அழுத்தினார் ஒருவர். பெட்டியிலிருந்து உடனே ஒரு பெண் குரல் பேசியது. "பாத்தீங்களா மேடம், அவ்ளோதான்" என்றார். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஐந்தாவது மாதம். குளித்துவிட்டு ஸ்டூலிலிருந்து எழும்போது அம்மா கைப்பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறார். அது சுவரைவிட்டுக் கையோடு வந்துவிட்டது. தடாலென்று விழவில்லை, சுவரோடு சாய்ந்து, மெதுவாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. பட்டனை அழுத்தினார். பச்சை விளக்கு மினுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுத்தினார், மறுபடியும் பச்சை. "வெளக்கு எரியுதேடி, வந்துட்டு இருக்காங்கன்னு நெனச்சேன். அதான் கத்தலை" என்று பிறகு சொன்னார். அந்தப் பட்டன் இல்லாமல் இருந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே சத்தம் போட்டிருப்பார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் போன் செய்து அவர் எடுக்காமல் போய், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பிய பிறகுதான் விஷயமே தெரிந்தது.

எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அப்படி ஒரே நிலையில் தரையில் கிடப்பதே ஆபத்து. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அழுந்திய இடத்தில் தசை சிதைய ஆரம்பிக்கலாம், சிறுநீரகம் வரை பாதிக்கலாம். அதற்கான ரத்தப் பரிசோதனைக்காகவே அம்மாவை இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள்.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "எங்க சைடுல எந்தக் காலும் பதிவாகலை மேடம். அம்மா பட்டனை அழுத்தியிருக்க மாட்டாங்க, வயசானவங்க மறந்துடுவாங்க" என்றார்கள். விழுந்து கிடந்தவர்மேலேயே பழி. எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்.

அன்று மாலை நானே குளியலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஹாலில் பெட்டி ஊமையாக இருந்தது. கதவைத் திறந்து வைத்து அழுத்தினால் பேசியது. அதாவது அந்த விளக்குக்கு அர்த்தம் 'சிக்னலை அனுப்பினேன்' என்பது மட்டும்தான். பெட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பட்டனுக்கே தெரியாது; அது ஒருவழி ரேடியோ. சிக்னல் போகும் தூரம் என்று விளம்பரத்தில் போட்ட 300 மீட்டர், திறந்த வெளிக்கான கணக்கு. கம்பி போட்ட கான்கிரீட் சுவர், ஈரம், பட்டனை மறைத்துக் கிடக்கும் உடம்பு எல்லாம் சேர்ந்தால் ஒரே வீட்டுக்குள்ளேயே சிக்னல் செத்துவிடுகிறது.

தானாக விழுவதைக் கண்டுபிடிக்கும் வசதிக்கென்று மாதா மாதம் தனிச் சந்தா வேறு கட்டிக்கொண்டிருந்தேன். அது வேகமாக இறங்கி, மோதி, அசையாமல் கிடந்தால்தான் விழுந்ததாக எடுத்துக்கொள்ளும். சுவரோடு சரிந்து உட்காருவது அதற்கு நாற்காலியில் உட்காருவது மாதிரிதான். வயதானவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் சரிகிறார்கள். விற்கும்போது இதை ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

கைப்பிடிக்கு வருகிறேன். பிடுங்கி வந்த திருகாணியை அளந்தால் 25 மில்லிமீட்டர். டைல், அதன் பின்னால் உள்ள பூச்சு இரண்டுக்குமே அது சரியாகப் போய்விட்டது, உள்ளே செங்கல்லைத் தொடவே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் விதிகளில் கைப்பிடி 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே, பொருத்தியவரையே அதில் தொங்கச் சொல்லுங்கள். தயங்கினால் கழற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ரப்பரால் ஒட்டும் கைப்பிடியை மட்டும் தயவுசெய்து உடல் பாரத்துக்கு நம்பாதீர்கள்.

பட்டனை ஹாலில் சோதிக்க விடாதீர்கள். குளியலறை, கழிப்பறை, வீட்டின் கடைசி மூலை, எல்லா இடத்திலும் கதவைச் சாத்தி, தரைமட்டத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டும் ஒருமுறை அழுத்துங்கள், கரண்ட் போனால் என்ன ஆகும் என்று தெரியும். பெட்டி எந்த நெட்வொர்க்கில் ஓடுகிறது என்பதையும் கேளுங்கள். பல நாடுகளில் 2ஜியும் 3ஜியும் மூடப்பட்டுவிட்டன, அதை நம்பியிருந்த பழைய பெட்டிகள் வெறும் பிளாஸ்டிக்காகிவிட்டன.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். 'நிறுவியபின் வாடிக்கையாளர் முன்னிலையில் சோதித்து ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று இருக்கிறது, கீழே என் கையெழுத்து. நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை.

இப்போது வேறு இடத்தில் வாங்கியிருக்கிறோம். சிக்னல் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் பட்டனே அதிர்ந்து சொல்கிறது. குளியலறையில் தரைக்கு 10 சென்டிமீட்டர் மேலே வரை தொங்கும் இழுகயிறும் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவே கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டையும் சோதிக்கிறார், நான் போனில் இருக்கிறேன். போன வாரம் முதல் அழுத்தலுக்குப் பட்டன் அதிரவில்லை, இரண்டாவதுக்குத்தான் அதிர்ந்தது. "ஒண்ணு போகலைடி" என்றார். அன்றே ஆளை வரவழைத்து, பெட்டியை ஹாலிலிருந்து குளியலறைக்கு வெளிச்சுவருக்கே மாற்றிவிட்டோம்.