பால்மரப் பலகையிலிருந்து காவடிக் குழாய் வரை: ஆறு வருட மைட்டர் சா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் 2019இலிருந்து ஒரு 10 அங்குல மைட்டர் சா ஓடுகிறது. சுற்றும் வட்ட பிளேடை மேலிருந்து இறக்கிக் குறுக்கே வெட்டும் மின்வாள் இது, முன்னும் பின்னும் இழுத்து வெட்டும் வகை. சாமி மேடை, கதவு நிலை, ஜன்னல் வலைச் சட்டம், தைப்பூசம் நெருங்கினால் காவடி வேலை, எல்லாம் இதில்தான். மெஷின்மேல் பெரிய குறை இல்லை. தூசிப் பை மூன்றாம் மாதமே கிழிந்தது, கார்பன் பிரஷ் இரண்டு முறை மாற்றினேன். நான் பாடம் படித்ததெல்லாம் பிளேடிலும் பிடிமானத்திலும்தான்.

கூடவே வந்த 40 பல் பிளேடு எல்லாவற்றுக்கும் போதும் என்று முதலில் நினைத்தேன். பால்மர (ரப்பர் மர) பலகைக்குப் போதும்தான். பால் குறைந்து, 25, 30 வருடத்தில் சாய்க்கிற மரங்கள்தான் தளவாடப் பலகையாக வருகின்றன. ஆனால் பலகை காயும்போது வளையும். குழிந்த பக்கத்தைப் பின்தடுப்பில் (பலகையைச் சாய்த்து வைக்கும் நிமிர்ந்த தடுப்பு) வைத்து வெட்டினால், முடிகிற நேரத்தில் வெட்டு வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும், மெஷினே துள்ளும். புடைத்த பக்கம்தான் தடுப்பில் பட வேண்டும். ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்க்காமல் இப்போதெல்லாம் எந்தப் பலகையையும் மெஷினில் வைப்பதில்லை.

பழைய லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பிரித்தபோது கிடைத்த செங்கால் என்ற கடின மர உத்திரம் வேறு கதை. உள்ளே ஆணி இருந்தது. ஒரு பல் பெயர்ந்து தகரத்தில் 'டிங்' என்று அடித்தது. பழைய மரத்தின்மேல் முதலில் காந்தத்தை ஓட்டுங்கள்.

உண்மையில் பயந்தது அலுமினியத்தில்தான். காவடிக்கு உருண்டைக் குழாய் வெட்டினேன், அதே 40 பல் பிளேடு, இடது கையால் பிடித்தபடி. குழாய் திடீரென்று சுழன்றது. அறுந்த துண்டு பிளேடுக்கும் தடுப்புக்கும் நடுவில் மாட்டி, காதோரம் பறந்து கூரையில் பள்ளம் போட்டது. வாசலில் நின்ற அம்மா, "காவடி எடுக்குறதுக்கு முன்னாலேயே அலகு குத்திக்கப் பாத்தியா?" என்றார்.

அதற்கப்புறம் வாங்கியதுதான் 100 பல் பிளேடு. இதன் பற்கள் சற்றுப் பின்சாய்ந்தவை, அலுமினியத்தைக் கடித்து இழுக்காது. குழாயை வி வடிவப் பள்ளம் உள்ள கட்டையில் வைத்து கிளாம்ப் போடுகிறேன், பிளேடில் கொஞ்சம் மெழுகு தேய்க்கிறேன். தூசிப் பையைக் கழற்றி, மரத்தூளையும் கூட்டிவிடுவேன். சூடான உலோகத் துகள் அதில் விழுந்தால் புகையத் தொடங்கும். இன்னொன்று, என் மெஷினின் கையேடு அலுமினியத்தை அனுமதிக்கிறது. எல்லா மெஷினும் அப்படி இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

பிவிசி குழாய்க்கும் நெருக்கமான பல்தான். ரொம்ப மெதுவாக இறக்கினால் உருகி ஒட்டும், அவ்வளவே.

எதை வெட்டினாலும் சில பழக்கங்களை விடுவதில்லை. பிளேடு முழு வேகம் பிடித்த பிறகுதான் இறக்குவேன். வெட்டி முடித்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு நிற்கும்வரை கீழேயே வைத்திருப்பேன். சுற்றும் பிளேடைத் தூக்கினால் துண்டை அதுவே வாரி எறியும். அகலப் பலகை என்றால் மெஷினைத் தன் பக்கம் முழுவதும் இழுத்து, அழுத்தி, பின்னால் தள்ளி வெட்ட வேண்டும். இழுத்துக்கொண்டே வெட்டினால் பிளேடு மரத்தின்மேல் ஏறி நம்மை நோக்கிப் பாயும். கை பிளேடிலிருந்து 6 அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும். அதைவிடச் சின்னத் துண்டு என்றால் கிளாம்ப்தான். கையுறை வேண்டாம், மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி, காதடைப்பு, முகமூடி கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. வெறும் தும்மல் என்று நினைத்த எனக்கு இதைத் தெரிந்துகொள்ளவே நான்கு வருடம் ஆனது.

இப்போது சுவரில் மூன்று பிளேடுகள் தொங்குகின்றன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்குச் சலிப்பு வரும் நாளில் அலுமினியத்தைத் தொடுவதில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் இன்னும் வேலிக்கு இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு வருகிறார். "ஒரே ஒரு வெட்டுதான், தம்பி." இரும்பில் இந்த பிளேடின் பல் நொறுங்கும், பறக்கும் பொறிக்கு என் மரத்தூளே போதும். அதற்குத் தேய்த்து அறுக்கும் தட்டு போட்ட தனி மெஷின் வேண்டும், அது ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. ஒரு தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) கொடுத்து, அங்கே அனுப்பிவைக்கிறேன்.