1,850 ரூபாய் ஹார்னஸும் 14 அடி கூரையும்

கோவைப் பக்கம் பழைய தறி ஷெட், குடோன்களுக்குக் கூரை ஷீட் மாற்றிக் கொடுக்கிறோம். போன வருடம் எங்கள் ஆள் ஒருவர், வெயிலில் காய்ந்து மொறுமொறுத்துப் போன ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் கால் வைத்தார், அப்படியே உள்ளே போய்விட்டார். காலூன்றி விழுந்ததில் தலை தப்பியது, ஆனால் குதிகால் எலும்பு நொறுங்கி முதுகெலும்பிலும் முறிவு, இன்னும் அவர் ஏணி ஏறவில்லை. அன்றைக்கு இடுப்பில் பெல்ட் இருந்தது, கொக்கியைத்தான் எங்கேயும் மாட்டவில்லை.

அதற்கப்புறம் இடுப்பு பெல்ட்டை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு (மாட்டியிருந்தாலும் விழும்போது மொத்த அதிர்ச்சியும் வயிற்றிலும் முதுகிலும்தான் இறங்கும்) தோள், தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பட்டையால் பிடிக்கும் முழு உடம்பு ஹார்னஸ் நான்கு செட் வாங்கினேன்.

எட்டு மாதம் ஆகிறது. தையல் பிரியவில்லை, பக்கிள் வழுக்கவில்லை, லேபிளில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண்ணும் தயாரித்த மாதமும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. ஹார்னஸோடு வரும் இரட்டைக் கயிறு நல்ல வசதி, ஒரு கொக்கியைக் கழற்றி நகரும்போது இன்னொன்று மாட்டியபடியே இருக்கும். தொடைப் பட்டை மட்டும் கைலியோடு ஒத்துவராது. பேண்ட் போட வைக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

குறை கயிற்றில்தான். நீளம் 6 அடி. காலடியில் இருக்கும் பர்லினில் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மாட்டினால், விழும்போது அந்த 6 அடியும் போகும், அதிர்ச்சி தாங்கும் பட்டை பிரிந்து ஐந்தரை அடி வரை நீளும், முதுகில் கயிறு ஹார்னஸோடு சேரும் இடத்துக்குக் கீழே தொங்கும் உடம்பு ஒரு 5 அடி. கூட்டிப் பாருங்கள், பதினாறரை. எங்கள் ஷெட்டுகள் பெரும்பாலும் 14 அடி! ஹார்னஸ் போட்டுக்கொண்டே தரையில் அடிபட வேண்டியதுதான். விற்ற கடைக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, எந்த உயரத்தில் வேலை என்றுகூடக் கேட்கவில்லை.

இப்போது முகட்டு ட்ரஸ்ஸில் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) தனிக் கயிறு கட்டி, அதில் கூடவே ஓடி, விழுந்தால் இறுகிப் பிடிக்கும் பூட்டுக் கிளாம்பில் குட்டிக் கயிறு போட்டு மாட்டுகிறோம், தொய்வு விடுவதில்லை. பர்லினுக்குப் பர்லின் பலகை போட்டுத்தான் நடக்கிறோம்.

20 அடிக்கு மேல் வேலை என்றால் இந்த செட்டையே வாங்கலாம். ஒரு தடவை யாராவது விழுந்து தாங்கிவிட்டால் அந்த செட்டை வெட்டிப் போட்டுவிடுங்கள், பார்க்க நன்றாக இருக்கிறதே என்று மறுபடி மாட்டாதீர்கள். தறி ஷெட் உயரத்துக்கு என்றால் கிளாம்பு, குட்டிக் கயிறு எல்லாம் சேர்த்து விலை கேளுங்கள், எனக்கு ஆளுக்கு இன்னொரு ஆயிரம் ஆனது.