முப்பத்தாறு என்றால் முப்பத்தாறு அல்ல

ஆறு பேரின் இரவுச் சாப்பாட்டுக்கு நான் கொடுத்த தொகை 1,103 டாலர் 46 சென்ட். ஐந்நூறு ஆகும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு போனவன் நான். அந்தக் கணக்குக்கும் பில்லுக்கும் நடுவே எங்கெங்கே பள்ளம் இருந்தது என்பதை எழுதிவைக்கிறேன். பட்டமளிப்பு, கல்யாண நாள் என்று இத்தகைய இடங்களுக்குக் குடும்பத்தோடு போகவிருப்பவர்கள் போவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இடம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன். பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் விலையுயர்ந்த ஸ்டேக் உணவகம், அதாவது தடித்த மாட்டிறைச்சித் துண்டுகளைச் சுட்டுத் தரும் இடம். பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே வேறு சில உணவகங்களின் பெயர்கள் வரும். அவற்றில் எதுவும் அது அல்ல. மகள் கல்லூரியை முடித்திருந்தாள். அதற்காகவே தூத்துக்குடியிலிருந்து அத்தை, அதாவது மாமியார், வந்திருந்தார். மைத்துனர் டாலஸிலிருந்து நான்கு மணி நேரம் காரோட்டி வந்திருந்தார். "நல்ல இடமாகப் போகலாம் அப்பா" என்று மகள் கேட்டபோது மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே போனதும் முதல் சங்கடம் வெளிச்சம். மேசைக்கு ஒரு சின்ன விளக்கு, அதற்கும் தோல்தொப்பி. மெனுவைப் படிக்கக் கைப்பேசியின் டார்ச்சைப் போட்டேன்; அக்கம்பக்கத்தில் பார்க்கிறார்கள் என்று மனைவி அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். மெனுவின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் இரண்டு வரி இருந்தது. அதைப் படிக்காமல் விட்டதன் விலை பிறகு வருகிறது.

சர்வர் வந்தார். முப்பது வயதிருக்கும், கறுப்பு உடை, தேன் போன்ற பேச்சு. முதல் கேள்வி: "தண்ணீர் ஸ்டில்லா, ஸ்பார்க்லிங்கா?" சாதாரணப் புட்டித் தண்ணீரா, வாயு கலந்ததா என்று அர்த்தம். இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் போல ஒரு கேள்வி. ஸ்டில் என்றேன். குழாய்த் தண்ணீர் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு, அது இலவசம், நாமாக வாய் திறந்து கேட்டால்தான் வரும் என்பது இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கும் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த மேசைத் துணியும் வெள்ளிக் கரண்டிகளும் மனிதனை ஏதோ செய்துவிடுகின்றன. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஓர் அங்குலம் இறங்கினால் போதும், புதுப் புட்டியைத் திறந்து ஊற்றினார்கள். "நல்ல பிள்ளைகள், கேட்காமலே ஊற்றுகிறார்களே" என்று அத்தை மெச்சினார். புட்டி ஒன்று 11 டாலர். ஐந்து புட்டி.

அடுத்து அன்றைய சிறப்பு உணவுகளை வாயாலேயே சொன்னார். இது இந்தத் தொழிலில் புதிதல்ல. 1978-இல் சிகாகோவில் தொடங்கிய மார்ட்டன்ஸ், பச்சை இறைச்சித் துண்டுகளைத் தள்ளுவண்டியில் மேசைக்கே கொண்டுவந்து, இது இன்ன பகுதி, இத்தனை அவுன்ஸ் என்று காட்டி விளக்குவதற்குப் பேர்போனது. கண்ணால் பார்த்து வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் சர்வரிடம் வண்டி இல்லை, வாய் மட்டும்தான். "இன்றைக்கு ஜப்பானிலிருந்து வாக்யு வந்திருக்கிறது. கோபே. பட்டம் வாங்கியவருக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். வாக்யு என்பது ஜப்பானிய மாட்டு வகையின் இறைச்சி; கோபே அதில் பேர்பெற்ற ஒரு ரகம். மகளின் முகம் மலர்ந்தது. அப்போதும் நான் விலையைக் கேட்டேன். கேட்காமல் ஏமாந்தவன் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். "முப்பத்தாறு" என்றார். அதற்குப் பிறகு ஏதாவது சொன்னாரா என்று எனக்குக் காதில் விழவில்லை. மெனுவில் சாதாரண ரிப் ஐ ஸ்டேக்கே 69 டாலர் என்று போட்டிருந்தது. கோபே எப்படி முப்பத்தாறுக்கு வரும் என்று என் மூளைக்கு உறைத்திருக்க வேண்டும். சின்னத் துண்டாக இருக்கும், ருசி பார்க்கத்தான் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தஞ்சாவூர்ப் பொம்மையாகத் தலையாட்டினேன்.

முப்பத்தாறு என்பது ஓர் அவுன்சுக்கு. அவுன்ஸ் என்றால் 28 கிராம் சொச்சம். எத்தனை அவுன்ஸ் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. எட்டு அவுன்ஸ் வெட்டிச் சுட்டுக்கொண்டு வந்தார்கள். 288 டாலர். அதுவும் சுடுவதற்கு முன் இருந்த எடை. நெருப்பில் நீரும் கொழுப்பும் போன பிறகு தட்டுக்கு வருவது அதைவிடக் குறைவு. (எலும்போடு வரும் டொமஹாக் என்ற துண்டை வாங்குபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: கோடரிப் பிடி போல நீட்டிக்கொண்டிருக்கும் அந்த எலும்பும் எடையில் சேர்த்திதான்.)

விலையை விட எனக்கு எரிச்சலாக இருப்பது பெயர். கோபே என்பது எல்லா ஜப்பானிய மாட்டிறைச்சிக்கும் பொதுப்பெயர் அல்ல. ஹியோகோ மாகாணத்தில் பிறந்து வளர்ந்த தாஜிமா வழி மாடுகளில், தரச் சோதனையில் தேறியவற்றுக்கு மட்டுமே அந்தப் பெயர். ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க அடையாள எண் உண்டு, சான்றிதழும் உண்டு. கோமாரி நோய் காரணமாக 2010-இல் அமெரிக்கா ஜப்பானிய மாட்டிறைச்சி இறக்குமதியை நிறுத்தியது. 2012-இல்தான் மறுபடி அனுமதித்தது. இடைப்பட்ட காலத்திலும் இந்த நாட்டு மெனுக்களில் கோபே என்ற சொல் காணாமல் போகவில்லை என்பதை வைத்தே இந்தச் சொல்லின் யோக்கியதையைப் புரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் வாக்யு என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி, ஜப்பானிய வகையை இங்குள்ள ஆங்கஸ் மாட்டோடு கலந்து வளர்த்தது. அது நல்ல இறைச்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது வேறு, இது வேறு.

உண்மையான ஏ5 என்ற உச்சத் தர ஜப்பானிய இறைச்சியைப் பச்சையாகப் பார்த்தால் சிவப்பை விட வெள்ளை கூடுதலாகத் தெரியும். கொழுப்பு இழை இழையாக ஓடியிருக்கும். மூன்று நான்கு அவுன்சுக்கு மேல் ஒருவரால் சாப்பிடுவது கடினம், திகட்டிவிடும். மகள் எட்டு அவுன்சையும் முடித்துவிட்டு உருளைக்கிழங்கு மசியலுக்கும் கையை நீட்டினாள். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாளே என்ற சந்தோஷம். பில்லில் அச்சாகியிருந்தது வெறும் "வாக்யு ஸ்ட்ரிப்". ஜப்பானும் இல்லை, கோபேயும் இல்லை.

மனைவி எட்டு அவுன்ஸ் ஃபிலே என்ற மென்மையான மாட்டிறைச்சித் துண்டைச் சொன்னாள், 62 டாலர். "மேலே கொஞ்சம் நண்டு சேர்க்கட்டுமா?" என்றார் சர்வர். வீட்டில் சாம்பாருக்குக் கொஞ்சம் நெய் விடட்டுமா என்று கேட்பது போன்ற தொனி. அவளும் தலையாட்டினாள். 19 டாலர். தொடுகறிகள் எல்லாம் தனி விலை என்பது இத்தகைய இடங்களின் பொது வழக்கம், அதில் எனக்குப் புகார் இல்லை. பசலைக்கீரைக் கிரீம், மசியல், சீஸ் மக்ரோனி மூன்றுக்கும் 48. மகனுக்குக் கோழி 36. அத்தை மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார் என்பதால் அவருக்கு சால்மன், 44 டாலர். ஒரு வாய் வைத்துவிட்டு, "மாப்பிள்ளை, இந்த மீன் கடலை விட்டு வந்து எத்தனை நாள் ஆகியிருக்கும்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். துறைமுகத்தில் பாறை மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிப் பழகியவர். நான் பதில் சொல்லவில்லை.

கடைசியில் மெழுகுவத்தி ஏற்றிய சாக்லேட் கேக் ஒன்று வந்தது. நாங்கள் கேட்கவில்லை. தட்டின் ஓரத்தில் சாக்லேட் குழம்பால் வாழ்த்து எழுதியிருந்தது. நான்கு சர்வர்கள் கைதட்டினார்கள். அத்தையின் கண் கலங்கியது. வாழ்த்துக்கு 15 டாலர் என்று பிறகு தெரிந்தது.

இனி டிப்ஸ். பொறுமையாகப் படியுங்கள், வாக்யுவில் நான் பாதி முட்டாள், இதில் முழு முட்டாள். மெனுவின் அடியில் படிக்காமல் விட்ட எறும்பு எழுத்து இதுதான்: ஆறு பேரும் அதற்கு மேலும் என்றால் 20 சதவீதம் தானாகச் சேர்க்கப்படும். சாப்பாடு 717 டாலர், ஹூஸ்டன் விற்பனை வரி 8.25 சதவீதம் என்று 59.15, அந்த 20 சதவீதம் 143.40, ஆக 919.55. சர்வர் தோல் உறையில் பில்லை வைத்தார். அதைத் திறப்பதற்கு முன்பே கையடக்க இயந்திரத்தை என் முன் நீட்டினார். திரையில் 18, 20, 22 என்று மூன்று பெரிய கட்டங்கள். அவர் பக்கத்திலேயே நின்று மகளிடம் மேற்படிப்பு பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். நான் நடுக் கட்டத்தைத் தொட்டேன். அது 919.55-க்கு 20 சதவீதம்: 183.91. அதாவது வரிக்கும் டிப்ஸ், ஏற்கனவே கொடுத்த டிப்சுக்கும் டிப்ஸ்.

வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில், நல்ல வெளிச்சத்தில், மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லை வரிவரியாகப் படித்தாள். தானாகச் சேர்த்த தொகையை மூன்று எழுத்துச் சுருக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். "இது என்ன?" என்றாள். வரி என்றேன். "வரி மேலே இருக்கிறதே" என்றாள்.

அந்த சர்வரை மட்டும் திட்டி முடித்துவிட எனக்கு மனமில்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-இலிருந்து அது மாறவில்லை, டெக்சஸிலும் அதுவே. டிப்சும் சேர்ந்து பொதுக் குறைந்தபட்சக் கூலியை எட்டாவிட்டால் மீதியை முதலாளி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பில் வீங்கினால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். நண்டு சேர்க்கட்டுமா என்று அவரைக் கேட்கவைப்பது அந்த ஏற்பாடு. ஜப்பான் என்று சொன்ன பொய்க்கு மட்டும் அந்தச் சமாதானம் பொருந்தாது.

சுவரில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை மாட்டி, குடும்பத்து உணவகம் போன்ற பாவனையை இத்தகைய உணவகங்கள் எல்லாமே காட்டுகின்றன. சிலவற்றுக்கு அப்படிப்பட்ட தொடக்கம் மெய்யாகவே உண்டு. 1965-இல் நியூ ஆர்லியன்ஸில் ரூத் ஃபெர்டெல் என்ற பெண்மணி, கணவரைப் பிரிந்து இரண்டு மகன்களை வளர்த்துக்கொண்டிருந்தவர், வீட்டை அடமானம் வைத்து 22,000 டாலர் கடன் வாங்கி கிரிஸ் ஸ்டேக் ஹவுஸ் என்ற சிறு உணவகத்தை வாங்கினார். 1976-இல் அது தீப்பிடித்தது. வேறு இடத்துக்கு மாறியபோது பழைய பெயரை அப்படியே வைக்க ஒப்பந்தம் இடம் தரவில்லை. தன் பெயரை முன்னால் ஒட்டினார். அப்படித்தான் ரூத்ஸ் கிரிஸ் என்ற நாக்குச் சுளுக்கும் பெயர் வந்தது. அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் 2023-இல் அந்த உணவகத்தை 715 மில்லியன் டாலருக்கு வாங்கியது டார்டன் என்ற நிறுவனம். ஆலிவ் கார்டனும் கேபிடல் கிரில்லும் அதே நிறுவனத்தினுடையவை. சுவரில் இருக்கும் பாட்டியின் படத்துக்கும் இன்று உங்கள் மேசைக்கு வரும் பில்லுக்கும் நடுவே பங்குச் சந்தை இருக்கிறது. நாங்கள் போன இடமும் அப்படிப்பட்டதே.

மறுநாள் மேலாளரை அழைத்தேன். கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் முறையிட 60 நாள் அவகாசம் உண்டு, ஆனால் டிப்ஸ் கட்டத்தைத் தொட்டது என் விரல். அந்த வழக்கு நிற்காது என்று தெரியும். மேலாளர் கனிவாகவே பேசினார். இரண்டாவது டிப்ஸ் 183.91 டாலர் நான்கு நாளில் திரும்பி வந்தது. வாக்யு பற்றிக் கேட்டதும் குரலில் கனிவு குறைந்தது. "உங்களுக்குப் பரிமாறியது உயர்தர அமெரிக்கன் வாக்யு. எங்கள் ஊழியர் ஜப்பான் என்று சொல்லியிருக்க வாய்ப்பில்லை." மேசையில் ஆறு பேர் கேட்டோம் என்றேன். உள்ளே இரைச்சல் அதிகம் என்றார். வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? மெனுவில் அச்சாகாத எதையும், "மொத்தத் தட்டும் எவ்வளவு? மாட்டின் அடையாள எண் இருக்கிறதா?" என்று கேட்காமல் இனி நான் வாங்கப்போவதில்லை. டார்ச்சையும் அணைக்கமாட்டேன்.

பேச்சின் முடிவில், மனத்தாங்கலுக்கு ஈடாக 50 டாலர் பரிசு அட்டை ஒன்றைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார். வந்தது. கெட்டியான தாள், பொன்னிற எழுத்து. அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, பின்பக்கம் ஏதோ பொடிப்பொடியாக எழுதியிருக்கிறதே" என்றார். 150 டாலருக்குக் குறையாமல் சாப்பிட்டால்தான் செல்லும். தொண்ணூறு நாளில் காலாவதி. தண்ணீர் தனி.